ஒரே பெஞ்சில் மனுதாரரும் எதிர்மனுதாரரும்

கோட்டாட்சியர் அலுவலக வராந்தாவில் முன்னே இரண்டு பெஞ்சு கிடந்ததாம். ஒன்றுக்குக் கால் போய்விட்டதால் சுவரோரமாகக் கவிழ்த்துப் போட்டுவிட்டார்கள். அதனால் மனுக் கொடுத்தவரும் மனுவுக்குப் பதில் சொல்ல வந்தவரும் மிச்சமிருக்கும் ஒன்றில்தான் உட்கார்ந்தாக வேண்டும், கூப்பிடும்போது வாங்க என்று சொல்லிவிட்டு அலுவலக உதவியாளர் உள்ளே போய்விட்டார். முகம் கொடுத்துப் பேசாதவர்களைச் சேர்த்து உட்காரவைத்து அவருக்குப் பழகிப்போயிருக்கும். ஹெப்சிபா இந்தக் கோடியில், பெனிட்டா அந்தக் கோடியில். பெஞ்சு ஆட்டம் கண்ட பெஞ்சு. அங்கே பெனிட்டா காலை மாற்றிப் போட்டால் இங்கே ஹெப்சிபாவின் இடுப்பு ஒரு நூல் ஏறி இறங்கியது, தகடு வைத்து முறுக்கிய இடுப்பு, அதற்கு எல்லாம் தெரிந்துவிடும். திரும்பிப் பார்ப்பதில்லை என்று வீட்டைப் பூட்டும்போதே முடிவு பண்ணியாயிற்று. பார்க்காவிட்டால் என்ன, காது இருக்கிறதே. கண் இரண்டும் ஆபரேஷன் ஆகி ஒப்புக்குப் பார்க்கின்றனவே தவிர, காது மட்டும் இன்னும் வேலையிலிருந்து ஓய்வு பெறவில்லை. அந்தக் கோடியில் கைப்பையின் ஜிப் திறக்கிறது, மூடுகிறது, மறுபடி திறக்கிறது. தொண்டையைச் செருமுகிறாள். வளையல் சத்தத்தைக் காணோம். வளையல் எங்கே போச்சு? பாத்திரம் கழுவும்போது மட்டும் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டுவாளே, அதையும் விற்றுவிட்டாளா? விற்றால் விற்றுவிட்டுப் போகிறாள், உனக்கென்ன ஹெப்சிபா, நீ மனுதாரர், அவள் எதிர்மனுதாரர், தாளில் அப்படித்தான் அடித்திருக்கிறது. வாய்க்குள் நுழையாத அந்தச் சொல்லால் உன் தம்பி மகளைக் கூப்பிடச் சொன்னால் கூப்பிடுவாயா? பெனிட்டா என்று பேர் வைத்ததே நீதான்.

ஒன்றே ஒன்றை மட்டும் அந்த அதிகாரி கேட்டுவிடக் கூடாது. மற்றதெல்லாம் கேட்கட்டும். டெபாசிட்டுகளை உடைத்தது யார், பணம் போனது எங்கே, எப்போது தெரியவந்தது, இல்லை, அந்த மூன்றாவது வேண்டாம். முன்னமே தெரியுமா என்று அவர் கேட்டால் தெரியும் என்றுதான் சொல்ல வேண்டிவரும். பொய் சொல்லிப் பழக்கமில்லை, வாயை மூடிக்கொண்டு இருந்துதான் பழக்கம். வக்கீல் பொண்ணு பேராச்சியிடம்கூட இதைச் சொல்லவில்லை. இலவச சட்ட உதவி மையத்திலிருந்து வருகிறவள், பெயர்தான் பாட்டன் காலத்துப் பெயர், ஆள் ஸ்கூட்டியில் பறக்கிற வயசு. ஏதோ ஜெராக்ஸ் எடுக்க வேண்டுமென்று வெளியே ஓடியிருக்கிறாள். அவள்தான் மனு எழுதுகிற அன்றைக்கு உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னாள். "இது கைமாத்து வாங்கி ஏமாத்துன கதை இல்லம்மா. ஒங்க போனு, ஒங்க பாங்கு, ஒங்க மருந்து மாத்திரை, எல்லாத்தையும் அவங்க கையில விட்டுருந்தீங்க. அப்படி நம்பி ஒப்படைச்ச எடத்துல இருக்கவங்களுக்குன்னு சட்டத்துல ஒரு பொறுப்பு இருக்கு. அந்த எடத்துல இருந்துக்கிட்டு ஒங்க பணத்தை அவங்க பக்கம் திருப்புனா, எல்லாத்தையும் ஒங்ககிட்ட ஒடச்சுச் சொல்லித்தான் வாங்குனேன்னு அவங்கதான் காட்டணும். ஏமாந்தேன்னு நீங்க காட்ட வேண்டாம்." ஏமாந்தேன் என்று காட்ட வேண்டாம் என்றதும் ஹெப்சிபாவுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது. தலையை ஆட்டினாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். பேராச்சி, ஒரு சங்கதி கிடக்கு, எனக்கு முன்னாலேயே தெரியும் என்று சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை பேனாவை மூடி வைத்திருக்கும். தெரிந்தும் சும்மா இருந்தால் சம்மதித்தது என்றுதானே அர்த்தம் ஆகும்? ஆகாதா? எதற்கு வம்பு, கேட்டால் பார்த்துக்கொள்வோம் என்று இருந்துவிட்டாள், இப்போது கேட்கிற நேரம் வந்துவிட்டது.

நம்பி ஒப்படைத்த இடம். அது அவளுக்குப் புரியாத சங்கதியா என்ன. பாளையங்கோட்டை டிரங்க் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்செட்டை மாட்டி, வெளியூர் போன் லைன்களைச் சேர்த்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்த காலமெல்லாம் அவள் இருந்தது அந்த இடத்தில்தானே. ஊரில் யாருக்கு யார்மேல் மனஸ்தாபம், எந்தக் கடை முங்கப்போகிறது, எந்த வீட்டுப் பையன் பம்பாயில் யாரைக் கட்டிக்கொண்டான், அத்தனையும் அவள் இடது காது வழியாகத்தான் போயிற்று. லைன் நிற்கிறதா என்று போர்டுச் சாவியைத் தட்டிப் பார்த்தால் காதில் விழத்தான் செய்யும். விழுந்தது விழவில்லை, அதுதான் அங்கே பாடம். நாளைக்கு வீடு ஏலத்துக்கு வரப்போகிற ஜவுளிக்கடைக்காரர் இன்றைக்குச் சிரித்துக்கொண்டே ஆறு முழம் கிழித்துக் கொடுப்பார், இவளும் சிரித்துக்கொண்டே வாங்கிவருவாள். பக்கத்து இருக்கைச் சண்முகவடிவு டிபன் டப்பாவைத் திறக்கும்போதே ஊர்க்கதை எல்லாவற்றையும் திறந்துவிடுவாள், இவள் திறந்ததே கிடையாது, கல்லுளிமங்கி என்று பேர் வாங்கினாள், அது அவளுக்குப் பெருமை. வாய் திறந்தது நம்பருக்குத்தான். நம்பர் என்று யார் கேட்டாலும் போதும், ஒவ்வொரு எண்ணாகப் பிரித்து, நடுவில் மூச்சு விட்டு, முடிவில் இன்னொரு தடவை, தெளிவாக, கண்ணாடி மாதிரி. தூத்துக்குடிக்காரர்கள் ஹெப்சி அக்கா குரலா என்று கேட்டுவிட்டுத்தான் ஆர்டரே கொடுப்பார்கள். ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆகியும் ரேஷன் கடையில் நம்பர் கேட்டால் வரிசையில் நிற்கிற சனம் திரும்பிப் பார்க்கும். யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்று ஆபரேட்டர் யோசிப்பதில்லை. யோசித்தால் போர்டு ஓடாது. பெஞ்சு மறுபடி ஏறி இறங்கியது, பெனிட்டா சாய்ந்து உட்கார்கிறாள் போல, முதுகு வலி இன்னும் விடவில்லையா அவளுக்கு.

அந்த முதுகு வலியே இவளால் வந்ததுதான். குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தூத்துக்குடியிலிருந்து ஒரு பையோடு வந்து இறங்கினாள் பெனிட்டா, பத்து நாளைக்கு என்று வந்தவள் இரண்டு வருஷம் இருந்தாள். தூக்கி உட்காரவைத்ததும் துடைத்துவிட்டதும் கறிவேப்பிலை போட்டு எண்ணெய் காய்ச்சித் தலையில் வைத்ததும் அவள்தானே, காசு வாங்குகிற ஆயாவா செய்தாள்? புருஷன் ரூபன் பேட்டரி ஸ்கூட்டர் ஏஜென்சி எடுத்து ஊரெல்லாம் பிட் நோட்டீஸ் ஒட்டிக்கொண்டு திரிந்தான், அவ்வப்போது வந்து அத்தை எப்படி இருக்கீங்க என்று ஒரு பாக்கெட் மக்ரூன் வைத்துவிட்டுப் போவான். போனில் எழுத்தைப் பெரிசாக்கிக் கொடுத்தது பெனிட்டா. "இனிமே கண்ணாடி இல்லாமலே வாசிக்கலாம் அத்த" என்று அவள் நீட்டியபோது கொட்டை எழுத்தில் தன் பேரைப் பார்த்து ஹெப்சிபாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கரண்ட் பில்லுக்கு, மருந்துக்கு, சிலிண்டருக்கு என்று பெனிட்டா அங்கே அவள் போனில் ஏதோ அமுக்குவாள், இங்கே பாங்கு அனுப்புகிற நம்பர் வந்து இவள் போன் குருவி மாதிரிக் கத்தும். அத்த, நம்பர் வந்திருக்கா? வந்திருக்கு. நான்கு, எட்டு, எட்டு, பூஜ்யம், இன்னொரு தடவை சொல்கிறேன், நான்கு, எட்டு. சூப்பர் அத்த. அந்த ஒரு வார்த்தைக்காக இவள் போனை மடியிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? வேலையை விட்டு வந்த பிறகு அவள் குரலுக்கு வேலை வைத்தவள் பெனிட்டா ஒருத்திதான். சிலிண்டருக்கும் கரண்டுக்கும் போனது போக டெபாசிட்டுகளும் ஒவ்வொன்றாக அதே வழியில் போயின. திருடன் வந்து பூட்டை உடைத்தால் கத்தலாம். இவளே அல்லவா கதவைத் திறந்து வழி சொல்லி அனுப்பியிருக்கிறாள், அதுவும் இரண்டிரண்டு தடவை.

அந்தச் சாயங்காலத்தை நினைக்க வேண்டாம். நினைத்தால் உள்ளே போய் அதுதான் வாயில் வரும். குக்கர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது, அதனால் தனக்குக் கேட்காது என்று பெனிட்டா நினைத்திருப்பாள், டிரங்க் லைன் இரைச்சலில் திருச்சிக்கும் மதுரைக்கும் பெயர் பிரித்தவளுக்கு ஒரு குக்கர் எம்மாத்திரம். அடுப்படிக் கதவுக்கு இந்தப் பக்கம் வாக்கரைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள், வெந்நீர் கேட்க வந்தவள். அங்கே ஏஜென்சிக் கடனுக்கு டெபாசிட்டை உடைக்கிற பேச்சில் பெனிட்டா ரூபனிடம் சொல்கிறாள். "அத்தைட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம். சொன்னா வருத்தப்படும். நம்பர் வந்திருக்கான்னு கேட்டாப் போதும், பாவம், யோசிக்கவே யோசிக்காது, அப்படியே வாசிச்சிரும்." பணத்தைப் பற்றி அப்போது நினைப்பே வரவில்லை. அந்தப் பாவம் என்கிற சொல்தான். அதை எப்படிச் சொன்னாள்? கேலியாகச் சொன்னாளா, நிஜமாகவே இரக்கப்பட்டுச் சொன்னாளா? குரலை வைத்து ஆளை எடைபோட்ட காது அன்றைக்குக் குழம்பிவிட்டது. கேலியென்றால் கோபப்பட்டுவிடலாம். இரக்கமாகவும் இருந்தது, அதுதான் கஷ்டம். வாக்கரைச் சத்தமில்லாமல் திருப்பிக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள், வெந்நீர் குடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பெனிட்டா காப்பியோடு வந்தாள். ஏன் அத்த ஒரு மாதிரி இருக்கீங்க என்றாள். ஒண்ணுமில்லட்டி, அசதி என்றாள் இவள். விழுந்தது விழவில்லை.

இப்படி இதற்கு முன்னும் ஒருமுறை இருந்திருக்கிறாள், அதைச் சண்முகவடிவுக்குக்கூடச் சொன்னதில்லை. நாசரேத்திலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை ஹைஸ்கூலில் டிராயிங் மாஸ்டர், கூச்சப்பட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்தே பேசினார், அது இவளுக்குப் பிடித்திருந்தது, பிடித்திருந்தது என்று இப்போது சொல்வதில் என்ன வெட்கம். இரண்டு மூன்று நாள் கழித்து நாசரேத் லைன் கூப்பிட்டது, மதுரைக்கு ஒரு டிரங்க் கால். கேட்டவர் மாப்பிள்ளையின் அப்பா. இவள்தான் நம்பரைத் திருப்பிச் சொன்னாள், இவள்தான் கயிற்றைச் சொருகி லைனைச் சேர்த்தாள், சாவியைத் தட்டினாள். பொண்ணு நல்ல பொண்ணுதான், ஆனா ராத்திரி டூட்டிக்கெல்லாம் போகுதாம், நமக்கு ஒத்துவராது, மதுரையில வேற பாருங்க. மூன்று நிமிஷம் ஆனதும் நீட்டிக்கட்டுமா சார் என்று இவள் கேட்டாள், வேண்டாம்மா போதும் என்றார் அவர், தன் வீட்டுக்கு மருமகளாக வராமல் போனவளிடம். வீட்டில் அப்பா தபால்காரன் மணி அடிக்கும்போதெல்லாம் வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தார். இவள் அடுப்படியில் நின்று பார்ப்பாள். அவர்கள் வாயால் அவர்கள் சொல்லட்டும், ஆள் விட்டாவது ஒரு வார்த்தை சொல்லட்டும், அதுதானே முறை. அவர்கள் சொல்லவே இல்லை. அந்த வருஷம் முழுக்க அப்பா போய்ப் போய் வந்தார். அப்போது பேசியிருந்தால் அப்பாவுக்கு நடையாவது மிச்சமாகியிருக்கும். ஏன் பேசவில்லை? எக்ஸ்சேஞ்ச் சட்டம். சட்டமா? சரி, அதை விடு, இந்த நேரத்தில் டிராயிங் மாஸ்டரை யார் கூப்பிட்டார்கள்.

விட முடியாதது இன்னொன்று இருக்கிறது. அதுதான் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. தெரிந்த பிறகும் ஒரு தடவை நம்பர் சொன்னாள். கடைசி டெபாசிட், அம்மாவின் தாலிச்சங்கிலியை விற்று அதில் போட்டு வைத்தது. போன் கத்தியது. அத்த, நம்பர் வந்திருக்கா? அன்றைக்கு வாய் தானாகத் திறக்கவில்லை. திறக்கவில்லைதானே? நின்றாள். கொஞ்ச நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். எதற்கு நின்றாள்? எழுத்து மங்கலாக இருந்தது, கண்ணாடியைத் துடைக்க. கண்ணாடி போட்டிருக்கவில்லையே. சீக்கிரம் அத்த, டைம் போகுது என்றாள் பெனிட்டா. சொல்லிவிட்டாள், ஒவ்வொன்றாக, திரும்ப ஒரு தடவையும். இதைப் போய் அங்கே என்னவென்று சொல்வது? பழக்கதோஷம் என்று சொல்லலாம், நம்புவார்கள், கிழவிக்கு மூளை தேய்ந்துபோச்சு என்று எழுதிக்கொள்வார்கள், மனு ஜெயித்துவிடும். பைத்தியக்காரப் பட்டம் கட்டிக்கொண்டு ஜெயிக்கலாம், இல்லையென்றால் உண்மையைச் சொல்லித் தோற்கலாம், இதில் எது தேவலை? தோற்றால் பென்ஷன் மட்டும்தான், அதில் ஒருத்தி சாப்பிட்டுக்கொள்ளலாம், இன்னொரு தடவை விழாத வரைக்கும். விழுந்தால்? விழுந்தால் தூக்க யார் இருக்கிறார்கள்? சண்முகவடிவு பாங்குக்குக் கூட்டிப்போய்ப் பாஸ்புக்கில் பதிந்து வாங்கி, நடு பாங்கில் வைத்து அவள் கத்திய கத்தலில் ஊருக்கே தெரிந்துபோனது. அன்று சாயங்காலமே பெனிட்டா பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள், போகும்போது அடுப்பில் பால் காய்ச்சி மூடி வைத்திருந்தாள், மறுநாள் காலைக்கு. இந்த மூன்று மாசமாக வீட்டில் என்ன சத்தம் கேட்கிறது? ஃபிரிட்ஜ் ஓடுகிறது, நிற்கிறது. அவ்வளவுதான் கேட்பதற்கு.

"அத்த."

கூப்பிட்டது நிஜமா, இவள் மனசுக்குள்ளா என்று ஒரு கணம் பிடிபடவில்லை.

"அத்த, பி.பி. மாத்திர போட்டியளா?"

திரும்பக் கூடாது என்று நினைத்திருந்தவள் திரும்பிவிட்டாள். இளைத்துத்தான் போயிருக்கிறாள். கன்னம் ஒட்டிப் போய், காதில் கவரிங்கு, ரூபன் ஒழுங்காகச் சோறு போடுகிறானா இல்லையா.

"போட்டேன்."

"வெறும் வயித்துல போட்டியளாக்கும்."

"ரெண்டு இட்லி தின்னேன். ஒனக்கென்ன இப்பம்?"

பெனிட்டா ஜிப்பை இழுத்து மூடிவிட்டுக் கவிழ்த்துப் போட்ட பெஞ்சைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல. கேட்டேன்."

ஒண்ணுமில்லையாம். ஏட்டி, ஒண்ணுமில்லையா? என்று பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது, அப்படியே அந்த ஒட்டிய கன்னத்தைத் தடவிக் கொடுக்கவும் வேண்டும்போல இருந்தது, இரண்டு ஆசைக்கும் ஒரே கைதானே, அது மடியை விட்டு எழவில்லை. இவளுக்குக் கோபம் இருக்கிறது, இல்லாமல் என்ன. படித்த பெண், எம்.காம்., கைகால் விளங்காமல் கிடந்தவளின் காசை எடுக்க எப்படி மனசு வந்தது. ஆனால் கோபம் ஒரு பக்கம் ஏறும்போதே அவள் சாப்பிட்டிருப்பாளா என்கிற கவலை இன்னொரு பக்கம் ஏறுகிறது. ஜெயித்துவிட்டால் அவள் இனி வீட்டு வாசலை மிதிக்க மாட்டாள். தோற்றாலும் மிதிக்க மாட்டாள். அப்படியென்றால் எதற்காக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறோம் என்று ஹெப்சிபா தன்னையே கேட்டுக்கொண்டாள். அதற்குள் பேராச்சி மூச்சு வாங்க ஓடி வந்தாள், அலுவலக உதவியாளர் தலையை நீட்டி இரண்டு பேரின் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார். இரண்டு பேரும் எழுந்ததும் பெஞ்சு ஒரு தடவை ஆடி நின்றது.

அதிகாரிக்கு ஜலதோஷம். கைக்குட்டையை மேஜையின் மேலேயே வைத்திருந்தார். நாற்பது நாற்பத்தைந்து வயசிருக்கும், அவசரப்படாத மனுஷர்தான், ஹெப்சிபாவை முதலில் உட்காரச் சொன்னார். பக்கத்தில் ஒரு பெண் தட்டச்சு செய்ய உட்கார்ந்திருந்தாள். அவர் பதில் மனுவைப் புரட்டிவிட்டுப் பெனிட்டாவைப் பார்த்தார்.

"ஒவ்வொரு தடவையும் நம்பரைச் சொன்னது உங்க அத்தைதான்னு சொல்லியிருக்கீங்க. சரி. எதுக்கு அந்த நம்பர், பணம் எங்க போகுதுன்னு அவங்ககிட்ட சொன்னீங்களா?"

பெனிட்டா முந்தானை நுனியைப் பார்த்துக்கொண்டு, யாரோ சொல்லிக்கொடுத்த பாடம் மாதிரிச் சொன்னாள். "அத்தைக்குத் தெரியும் சார்."

இதோ வந்துவிட்டது. அவர் திரும்பினார். "தெரியுமாம்மா உங்களுக்கு?"

இல்லை என்று ஒரு சொல் போதும். பேராச்சி அந்தச் சொல்லை எழுதத் தயாராகப் பேனாவைப் பிடித்திருக்கிறாள், பாவம்.

"தெரியும்."

"அம்மா..." என்று பேராச்சி முழங்கையைத் தொட்டாள். தட்டச்சு செய்கிற பெண் நிமிர்ந்தாள். எல்லாரையும் விட அதிர்ந்துபோனவள் பெனிட்டாதான், தப்பிப்பதற்காகச் சொன்ன பொய் கண் முன்னால் உண்மையாகிவிட்டதே, வாயைத் திறந்தபடி அத்தையைப் பார்த்தாள்.

"எப்படித் தெரியும்?"

"அடுப்படியில நின்னு அவ மாப்பிள்ளைட்ட பேசுனா சார். காதுல விழுந்துது."

"தெரிஞ்ச பிறகும் நம்பர் சொன்னீங்களா?"

"ஒரு மட்டம் சொன்னேன்."

"ஏன்?"

பழக்கம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அது நுனி நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. எதிரே பெனிட்டாவின் முகம், அன்றைக்குப் பார்த்த அதே முகம், இளைத்துப்போய். எதற்கு அப்படிப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றோம் என்று இப்போது அவளுக்கே தெரிந்தது, தெரிந்ததும் சொல்லிவிட்டாள்.

"அவ சொல்லுவான்னு பாத்தேன் சார். போனைக் கையில வச்சுக்கிட்டு அவ மொகத்தையே பாத்தேன். இப்பம் சொல்லுவா, இந்தா சொல்லப்போறான்னு. அத்த, அவருக்குக் கடன் ஆயிட்டு, எனக்கு வேற போக்கில்லன்னு ஒரு வார்த்த. நான் வேண்டாம்னா சொல்லப்போறேன்? அன்னைக்கு மட்டும் இல்ல சார், தெனமும் காப்பி கொண்டாருவா, வாங்கும்போதெல்லாம் பாப்பேன். நானே கேட்டுருந்தா ஓடிப் போயிருப்பா. அதான் கேக்கல. அவளா சொல்லட்டும்னு இருந்தேன்."

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு பெனிட்டாவைப் பார்த்தார். "எப்பவாவது சொன்னீங்களாம்மா?"

பெனிட்டா பதில் மனுவைப் பார்க்கவில்லை. அத்தையைப் பார்த்தாள்.

"இல்ல."

"சத்தமாச் சொல்லுங்க. பதிவு பண்ணணும்."

"இல்ல சார். ஒரு நாளும் சொல்லல." அவ்வளவுதான், உதடு கோணி, கைப்பையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பேராச்சி விறுவிறுவென்று எழுதினாள். ஜெயித்தாயிற்று என்று அவள் எழுதுகிற வேகத்திலேயே தெரிந்தது, தெரிந்துகொண்டது வேறு, வந்து சொன்னது வேறு என்று அவள் அதிகாரிக்கு ஏதோ எடுத்துச் சொன்னாள், அவரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். அதெல்லாம் ஹெப்சிபாவுக்குத் தூரத்து லைன் மாதிரிக் கேட்டது. அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"அம்மா, சொந்தத்துக்குள்ள நடந்தது. பொண்ணு ஒத்துக்கிச்சு, அழுவுது. நீங்க மன்னிச்சு விடறதுன்னா மனுவை வாபஸ் வாங்கிக்கலாம். உங்க இஷ்டம்."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். மன்னிப்பதில் என்ன கஷ்டம், அது பெஞ்சில் மாத்திர போட்டியளா என்று அவள் கேட்டபோதே ஆகிவிட்டது. மன்னித்தேன் என்று சொன்னால் பெனிட்டா காலைத் தொடுவாள், இன்னும் கொஞ்சம் அழுவாள், தூத்துக்குடி பஸ்ஸில் ஏறிவிடுவாள். அப்புறம்? வெட்கம் வரவிடுமா அவளை? கிறிஸ்துமஸுக்கு ஒரு போன், அதுவும் ரூபன் பேசுவான். மன்னித்து அனுப்பினால் போனவள் போனவள்தான், இவளுக்குத் தெரியாதா.

"இல்ல சார். உத்தரவு போடுங்க."

பெனிட்டா கைப்பையை இறக்கினாள்.

"எடுத்ததை அவ தரட்டும். மொத்தமா வேண்டாம், அவளால ஏலாது. மாசாமாசம் முடிஞ்சதைத் தரட்டும்."

"சரி," என்று அவர் தட்டச்சுப் பெண்ணுக்குக் கை காட்டினார். "மாதாமாதம் மனுதாரரின் வங்கிக் கணக்கில்..."

"பாங்குல வேண்டாம் சார்."

"பின்ன?"

"வீட்டுக்கு வந்து கையில தரணும். அவதான் வரணும், மாப்பிள்ளை கையில குடுத்து விடக் கூடாது. அப்படி எழுதுங்க."

அவர் பேனாவை வைத்துவிட்டு லேசாகச் சிரித்தார். "அதெல்லாம் உத்தரவுல எழுதற வழக்கம் இல்லம்மா. வரணும்னா அவங்களே வருவாங்க."

"எழுதுங்க சார்," என்றாள் ஹெப்சிபா. "எழுதினாத்தான் வருவா."